கன்னடக்காரி போவாளா?

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரே கதை இரண்டு தடவை ஓடும். ஏழு மணிக்குக் கன்னடத்தில், எட்டரைக்குத் தமிழில். இரண்டிலும் அதே பெரிய பங்களா, அதே வளைந்த மாடிப்படி, அதே கொடுமைக்கார மாமியார். முகங்கள் மட்டும்தான் வேறு. தமிழில் வந்த கதையைத்தான் கன்னடத்தில் மறுபடி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? ஒருத்திக்கு நடந்ததெல்லாம் இரண்டு மாதம் கழித்து இன்னொருத்திக்கும் அச்சுப் பிசகாமல் நடப்பதைப் பார்த்து, உலகமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாயகிகளையும் எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழ்க்காரி, கன்னடக்காரி, அவ்வளவுதான்.

இதனால் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் அம்மாவுக்கு ஜோசியக்காரி மவுசு. எதிர்வீட்டு ஆன்ட்டியின் வீட்டில் அங்கிள் நியூஸை விட்டு அசையமாட்டார். அதனால் ஆன்ட்டி ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். விளம்பரம் வந்ததும், "அக்கா, முந்தே ஏனாகுத்தே?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். அடுத்து என்ன ஆகும் என்று அம்மா தனக்குத் தெரிந்த ஓட்டைக் கன்னடத்தில் சொல்வாள். சொன்னது சொன்னபடி நடக்கும். "கன்னடக்காரிக்கு யாராச்சும் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லக் கூடாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தே ஒருத்தியை மாட்டிக்கொள்ள விடுவது அநியாயமாகப் பட்டது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அத்தை கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து ஒரு பையுடன் வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. மாமாவுக்கு அங்கே உரக்கடையும் கொஞ்சம் மஞ்சள் காடும் உண்டு. கேட்டவர்களிடமெல்லாம், "சும்மாதானுங்க, நாலு நாள் இருந்துட்டுப் போலாம்னு" என்றாள். நாலு நாள் நீண்டுகொண்டே போனது. எனக்குக் கொண்டாட்டம். அத்தைதான் வலிக்காமல் தலை பின்னிவிடுவாள், அத்தை பக்கத்தில்தான் என் படுக்கை. பெரியவர்களுக்குத்தான் நிம்மதி இல்லை. அத்தை திரும்பிப் போவாளா மாட்டாளா என்பதுதான் வீட்டில் ஒரே கேள்வி. அதை அத்தையிடம் ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. எல்லாரும் டிவியிடம் கேட்டார்கள்.

தமிழ்க்காரி புருஷனிடம் அறை வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த சமயம் அது. "என்ன இருந்தாலும் பொம்பளைக்கு அவ ஊடுதான் ஊடு" என்பார் அப்பா, டிவியைப் பார்த்து.

"அது அவ ஊடுன்னு யாரு பட்டா எழுதிக் குடுத்தாங்களாம்?" என்பாள் அத்தை, அவளும் டிவியைப் பார்த்து.

"எத்தன நாளைக்குத்தான் அண்ணன் ஊட்டுல உக்காந்திருப்பா, பாவம்" என்று அம்மா பெருமூச்சு விடுவாள். அந்தக் கதையில் அண்ணனே கிடையாது. நான் அதைச் சுட்டிக்காட்டினால், "நீ போய் ஹோம்ஒர்க் எழுது" என்று விரட்டுவார்கள். கதையை ஒழுங்காகப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்த அறைக் காட்சியை முதலில் தமிழில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிறகு கன்னடத்திலும் அதேபோலக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆன்ட்டி மூக்கை உறிஞ்சுவார். பெயின்ட் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டால் அப்பாகூடத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அத்தை மட்டும், பால் பொங்குகிறதா பார்க்கிறேன் என்று சமையலறைக்கு எழுந்து போய்விடுவாள். அடுப்பில் பாலே இருக்காது. இவ்வளவு கல்நெஞ்சக்காரியாக இருக்கிறாளே என்று அத்தைமேல் எனக்கு வருத்தம்.

கடைசியில் தமிழ்க்காரி திரும்பிப் போனாள். புருஷன் வாசல் கேட்டில் வந்து நின்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விட்டாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார் அப்பா, பரம திருப்தியாக. அத்தை எழுந்து, சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்துக் கன்னடக்காரியின் முறை வந்தது. 'நாளை' என்று காட்டும் துணுக்கில் அதே கேட், அதே பை. அதைக் கண்டதும் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. பெயின்ட் கடையில் இரண்டு கலரைக் கலந்து மூன்றாவது கலர் வரவழைப்பதற்குமேல் அப்பா தந்திரம் செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் செய்தார். "நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளைய வரச்சொல்லிட்டா என்ன? அவ போறத எல்லாருமா உக்காந்து பாத்தா இவளுக்கும் மனசு எளகும்" என்று சமையலறையில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. 'இவள்' அத்தைதான் என்பது தெரிந்தது. கன்னடக்காரி போனால் அத்தை எதற்குப் போக வேண்டும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி பெயிலானால் நானும் பெயிலாக வேண்டுமா?

மறுநாள் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், எனக்கென்று கொள்ளேகால் பேக்கரி கேக். மாமா யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அப்பா கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார். மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள். அத்தை கீழே சுவரோரமாக உட்கார்ந்தாள், ரிமோட் அவள் மடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அம்மா அத்தையின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக் கதவருகே வைத்தே விட்டிருந்தாள். இது எதுவும் தெரியாத ஆன்ட்டி நடுவில் வந்து உட்கார்ந்து, "இவத்து ஹோக்தாளே அல்வா அக்கா?" என்றார், இன்றைக்குப் போய்விடுவாள்தானே என்று. அம்மா கம்பீரமாகத் தலையாட்டினாள்.

கேட் வந்தது. புருஷன் வந்து நின்றான். கன்னடக்காரி பையோடு படியிறங்கி வந்தாள். அப்பா மாமாவைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். கன்னடக்காரி பையைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே அவன் காலடியில் வைத்தாள். உள்ளே இருந்ததெல்லாம் அவன் வாங்கிக் கொடுத்த சேலைகளாம். "நானு பரல்லா" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

ஆன்ட்டி, "அய்யய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாழைப்பழத்தைப் பார்த்தாள். "நல்லா இருந்த கதையக் கெடுத்துப்போட்டானுங்க" என்று முணுமுணுத்தார் அப்பா. எனக்கோ ஒரே சந்தோஷம். யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டான்! கைதட்டலாம் என்று பார்த்தால் ஒருவர் முகமும் சரியில்லை. ஆன்ட்டிக்கும் என்னவோ புரிந்திருக்க வேண்டும், அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை டிவியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் போவலீங்ணா" என்றாள்.

மாமா அப்போதும் கத்தவில்லை. "இந்தக் கருமத்தப் பாத்துத்தான் கெட்டுப்போறாளுங்க. மொதல்ல இத அமத்தலாம் மச்சான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே, ரிமோட்டை எடுக்கக் குனிந்து கையை நீட்டினார். அத்தை வெடுக்கென்று தலையைச் சுவர்ப்பக்கம் சாய்த்து, இரண்டு கையாலும் காதையும் கன்னத்தையும் மூடிக்கொண்டாள். ரிமோட்டுக்குப் போய் யாராவது இப்படிப் பயப்படுவார்களா? நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் கை பாதி வழியில் நின்றது.

அப்பா எழுந்து வந்து ரிமோட்டைத் தானே எடுத்து டிவியை அணைத்தார். "மாப்ள, கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாங்க, உட்டுட்டு வர்றேன்" என்றார். மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "வாங்க" என்றார் அப்பா மறுபடியும். இருவரும் ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள். ராத்திரிச் சாப்பாடுகூடப் போடாமல் மாமாவை இப்படித் துரத்துகிறார்களே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கேக்கை எடுத்து நானே தின்னத் தொடங்கினேன்.

தமிழ்க்காரி வரும் நேரத்துக்கு அப்பா திரும்பினார். ஒருவரும் டிவியைப் போடவில்லை. நான் போடப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அப்பா நாற்காலியில் உட்காராமல் அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தரையைத் தேய்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"அடிச்சானா?" என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அப்பாவுக்கு இவ்வளவு ஞாபகமறதியா? "ஆமாப்பா! நீங்களுந்தானே பாத்தீங்க? ரெண்டு பேரையுந்தான் அடிச்சான், தமிழ்க்காரியையும் கன்னடக்கா..." அதற்குள் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

அத்தை தலையை ஆட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா சாமி" என்று அப்பா தங்கையின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. கன்னடக்காரிதான் போகவேயில்லையே, நல்லபடியாகத் தப்பித்துவிட்டாளே, இப்போது போய் எதற்கு அழுகிறார் என்று அம்மாவின் கைக்குள் இருந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன்.