ஏழுக்குப் பதில் ஆறு

வளர்மதி நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு டைப்பிஸ்டாக வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் பஸ் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுப்பாள். இப்போது தூங்கிக்கொண்டே ஏறுகிறாள். கணக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போக, வேளாண்மை ஆபீசில் எக்செல் அவள் தலையில் விழுந்தது. செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

இந்த வருஷம் மலையில் குண்டனி நாடு என்ற ஊர்த் தொகுதியில் விவசாயி செல்லமுத்து எட்டு ஜோடிப் பாத்தி கட்டிச் சாமை போட்டார். ஜோடியில் ஒன்றில் கையால் வீசினார், மற்றதில் வரிசையாக விதைத்தார். வரிசையில் விளைச்சல் கூடுகிறது என்று உறுதியானால் ஊருக்கு விதைக்கும் கருவி இனாமாக வரும்.

கூடுவது நிஜமா தற்செயலா என்று பார்க்கத்தான் டி மதிப்பு. எடைகளை வைத்துக் கணக்குப் போட்டதில் 2.41 வந்தது. அது தாண்ட வேண்டிய அளவு எவ்வளவு என்று எக்செல் சொல்லும். ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும். வளர்மதி டி.இன்வ்.2டி என்ற சூத்திரத்தை அடித்து, நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்பதற்கு 0.05, எட்டு ஜோடிக்கு 7 என்று கொடுத்தாள். 2.36 என்றது. தாண்டியாயிற்று. செல்லமுத்துவுக்குப் போனில் சொன்னாள். அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் அச்செடுக்கும்போதுதான் முதல் ஜோடியின் கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்தாள். எக்செல் சத்தமில்லாமல் அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தது. செல்லமுத்துவின் சாமைக் காட்டுக்கே போய்க் கேட்டாள்.

“மொதல்ல அறுக்கறது சாமிக்குங்க அம்மிணி. அதைப் போயித் தராசுல வெப்பாங்களா?”

ஆக ஏழு ஜோடிதான். பாறைமேல் லேப்டாப்பை வைத்து ஏழை அழித்து ஆறு என்று அடித்தாள். 2.45 என்றது. அவர்களுடைய 2.41 அதைத் தொடவில்லை. செல்லமுத்து எட்டிப் பார்த்தார்.

“ஏழுன்னே இருக்கட்டுமுங்க. ஆருக்குத் தெரியப்போவுது?”

“வேண்டாமுங்கண்ணா. நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து எட்டாவது ஜோடி மூட்டை எங்கேன்னு கேட்டா, சாமியக் கூட்டிட்டு வந்து நிறுத்துவீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அடுத்த பட்டத்தில் பன்னிரண்டு ஜோடி எடை போட்டால் தாண்ட வேண்டிய அளவு 2.20க்கு இறங்கும் என்று அடித்துக் காட்டினாள். போடலாம் என்றார். ஆனால் இந்த வருஷம் கருவி இல்லை என்பதை ஊருக்கு அவளே வந்து சொல்லட்டும் என்றுவிட்டார்.

முதல் வீடு பாப்பாத்தியுடையது. கருவி வைக்க அவள் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். வளர்மதி நின்றுகொண்டே சொன்னாள்.