முதலில் இடப்பக்கம்

திரையில் ‘தொடங்கு’ என்ற சொல் மினுங்குகிறது. நீடியா பென்டான்கோர் அதைக் கண்டுகொள்ளாமல் கைப்பையைத் துழாவி, ஓரம் தேய்ந்த பித்தளை டோக்கன் ஒன்றை எடுத்து மேசையில் வைக்கிறார். முட்டை வேகவைக்கும்போது நேரம் வைக்கும் சாவி மணியைப் பத்து நிமிடத்துக்குத் திருகுகிறார். கடைசியாக, உறிஞ்சுகுழல் செருகிய மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையில் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிப் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் நீட்டுகிறார். அந்த வீடியோ கேமைச் செய்தவர் அந்த ஆள்தான்.

“இத உறிஞ்சிக்கிட்டே இரு. வாய் சும்மா இருக்கும்.”

மாதத்தின் முதல் சனிக்கிழமை, லா தேஹா என்ற போச்சாஸ் பந்துருட்டு கிளப்பின் பின்கூடம் இப்படித்தான் இருக்கும். மான்டிவிடியோவில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்பவர்கள், இன்னும் வெளிவராத தங்கள் விளையாட்டின் டெமோவை மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு மூலையில் கிழவர்கள் ட்ரூக்கோ சீட்டு ஆடிக் கத்திக்கொண்டிருப்பார்கள். கூடத்தில் ஒரே ஒரு சட்டம்: ஒருவர் ஆடும்போது, செய்தவர் வாய் திறக்கக் கூடாது. ‘அந்தப் பொத்தானை அழுத்துங்க’ என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவா முடியும்?

நீடியாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் மருந்துக் கடையில் நிற்கிறார். காலி மருந்துப் பெட்டியைப் பிரித்து, அதன் வெள்ளை உட்புறத்தில்தான் குறிப்பு எழுதுவார். வியாழக்கிழமை அந்தக் குறிப்புகள் நாலாயிரம் பேருக்கு மின்னஞ்சலில் போகும். பதினோரு வருடங்களாகப் போகின்றன. ஒரு மீன்பிடி விளையாட்டைப் பற்றி எழுதியது: “தூண்டில் போடறதுக்குள்ள பதினோரு பக்கம் படிக்க வைக்கறான். மீனு வயசாகியே செத்துடும்.” ஒரு பேய் விளையாட்டைப் பற்றி: “பயமா இல்ல. அந்தச் சமையலறைய மட்டும் யாராவது கூட்டுங்கப்பா.” திட்டு வாங்கியவர்கள் அடுத்த மாதமும் அவர் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

டோக்கன்கள் அவருடைய அப்பாவின் மதுக்கடையிலிருந்து வந்தவை. லா உனியோன் பகுதியில் இருந்தது அந்தக் கடை. கழிப்பறைக் கதவருகே, டோக்கன் போட்டால் ஓடும் ஒரே ஒரு விளையாட்டு இயந்திரம். மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன், அவ்வளவுதான். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் தோற்றுப்போக, பத்து வயது நீடியா ஒரே டோக்கனில் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். “அந்தப் பத்து நிமிஷத்துல புடிக்காதது, பத்து மணி நேரத்துலயும் புடிக்காது,” என்பார். ஆட்டம் நடக்கும்போதே அடுத்து ஆட நினைப்பவன் தன் டோக்கனை இயந்திரத்தின் கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டுப் போவான். அடுத்த முறை அவனுடையது. போக்கிரிகள்கூட அதைத் தொட மாட்டார்களாம். கடைக்காரரின் மகளுக்குத்தான் அந்த உரிமை இருந்ததில்லை. வைக்க அவரிடம் இரண்டாவது டோக்கன் ஏது? ஒருநாள் இயந்திரத்தை எடுத்துப் போனார்கள். கல்லாவில் ஒரு டப்பா நிறைய டோக்கன் மிஞ்சியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த விளையாட்டிலும் முதலில் இடப்பக்கம்தான் நடப்பார். “வலப்பக்கம் போகணும்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். இடப்பக்கம் என்ன வெச்சிருக்கான்னு பாத்தாதான், செஞ்சவன் யாருன்னு தெரியும்.”

சென்ற சனிக்கிழமை மழை. கூடம் முழுக்க, மழை நாளில் போடும் தோர்த்தா ரொட்டி பொரிக்கும் எண்ணெய் வாசனை. குடுவையை வாங்கிக்கொண்டு நின்றவர் வில்மார் எச்செபாரே. இரண்டு வருடமாக ஒரு கப்பல் பயண விளையாட்டைத் தனியாகச் செய்கிறார். சர்வதேச டெமோ வாரத்துக்கு அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்து. அதுவரை தாக்குப்பிடிக்க வழியில்லை, மைத்துனரின் டைல்ஸ் கடைக்கே திரும்ப வேண்டும். அப்போது மணி ஐந்து.

திரையில் ஒரு மாலுமி, கடற்கரை நடைபாதையில் நின்றான். வலப்பக்கம் துறைமுகம். நீடியா இடப்பக்கம் திரும்பினார். மாலுமி நடந்தான். நடைபாதை முடிந்தது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. மாலுமி வெறும் சாம்பல் வெளிக்குள் இறங்கி நடந்துகொண்டே இருந்தான்.

வில்மாரின் முகம் வெளுத்தது. குடுவையில் நீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். களகளவென்று சத்தம்.

“நீடியா, அந்தாளு மூச்சு விடறானான்னு பாரு!” என்று சீட்டு மேசையிலிருந்து கிழவர் ஓமேரோ கத்தினார். “உன் கடையில மருந்து ஏதும் இருந்தா குடு.”

“உன் சீட்டப் பாரு ஓமேரோ. அங்கயும் ஒண்ணும் இல்ல.”

சாம்பல் வெளியின் கோடியில் ஒரு கடை நின்றது. வில்மார் வேண்டாமென்று கழித்த பொருள்களையெல்லாம் அங்கே கொட்டி வைத்திருந்தார்: வண்ணம் பூசாத நாய், மூன்று கால் நாற்காலி, காற்றில் தொங்கும் கடிகாரம். மாலுமி கதவருகே போனதும், இரும்பு ஷட்டர் ஒன்று கிறீச்சிட்டுக் கடகடவென மேலே ஏறும் சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான். ஷட்டரைக் காணோம்.

நீடியா மாலுமியைப் பின்னால் நடத்தினார். மீண்டும் கதவருகே கொண்டுபோனார். ஷட்டர் ஏறியது. மறுபடியும் பின்னால், மறுபடியும் கதவு. மீதி நிமிடங்கள் அப்படியே கரைந்தன. கப்பலை அவர் பார்க்கவே இல்லை. மணி அடித்தது.

“அக்கா, அது தப்பு,” வில்மாருக்கு வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. “அங்க சுவர் இருக்கணும். நான் எப்பவும் நேரா கப்பல்லேருந்து தொடங்கித்தான் பாப்பேன். நடைபாதையில நடந்து பாத்தே ஆறு மாசம் ஆச்சு. இதையெல்லாம் எழுதிடாதீங்க. அரை மணியில அடைச்சிடறேன்.”

“அந்த ஷட்டர் சத்தம் எங்க புடிச்ச?”

“எங்க தெருவுல ஒரு மதுக்கடை. அத ஒரேயடியா மூடறதுக்கு முந்தின நாள் போய்ப் பதிவு பண்ணேன். கதையில அதுக்கு எடமில்ல, தூக்கிப் போட்டுட்டேன்.”

“காலையில தூக்கறதுதானே?”

“ஆமா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“எறக்கறப்ப இப்படி இழுக்காது,” என்றார் நீடியா. “எங்கப்பா ஷட்டரத் தூக்கறப்ப நான் கீழ குனிஞ்சு உள்ள ஓடிடுவேன். ஆளு வர்றதுக்குள்ள மெஷினப் புடிக்கணும்ல.”

வில்மாரின் நினைப்பெல்லாம் ஆறு மணியில் இருந்தது. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, சுவரைத் தேடி எடுத்தார். நீடியாவின் முறை முடிந்துவிட்டது. பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் எழுந்து, மேசையிலிருந்த டோக்கனைப் பையில் போட்டார், மணியைப் போட்டார், பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டடி நடந்தவர் நின்றார். மறுபடி பையைத் துழாவி, வேறொரு டோக்கனை எடுத்து, திரையின் அடி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.