எக்ஸ்பிரஸின் பழைய நிறம்

எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் சித்தி நாற்காலியில் உடனே உட்கார மாட்டாள். முதலில் அதன் கைப்பிடியை விரலின் பின்பக்கத்தால் ஒருமுறை தடவுவாள். மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை அவளுக்கு. மேசை, கதவு, பூசணிக்காய், என் கன்னம், எல்லாவற்றுக்கும் அதே தடவல்தான். நான் பட்டம் வாங்கி வந்த அன்று சான்றிதழையும் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கே, தண்ணி பட்டா தாங்குமா?" என்றாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. தாங்குமா என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் தெருவிலேயே, சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார். தனியாக என்றால், ஓர் ஆமையோடு. அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார். மகளின் பிரசவத்துக்காக வெளியூர் கிளம்பியபோது அதைச் சித்தியிடம் ஒப்படைத்தார்.

"பத்திரமா பாத்துக்கம்மா. வீட்ல எனக்குப் பேச்சுத்துணை இது ஒண்ணுதான்."

"கவலையே படாதீங்கண்ணே. என் கைக்கு வந்த சாமான் எதையும் வந்தபடியே திருப்பி அனுப்பினதில்ல."

அந்தப் பதிலில் இருந்த ஆபத்து அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் அப்போது பழைய செருப்பின் அடிப்பாகம் போல இருந்தது. குட்டி ஆமை என்றால் ஓட்டில் மஞ்சள் கோடுகள் பளிச்சென்று இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வளையம் வளையமான வரிகள் விரலில் சொரசொரக்கும். வயதாக ஆக வரிகள் தேய்ந்து மழுங்கும், மஞ்சள் வைக்கோல் நிறமாக மங்கும். இது இயற்கை என்று சித்தியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் காதில் ஏறியது 'தேய்ந்து', 'மங்கும்' என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

மறுநாள் போனால், தேன்மெழுகு பூசிக்கொண்டு எக்ஸ்பிரஸ் கூடத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா செய்தித்தாளை இறக்கி, "கண்ணு கூசுது, அந்தப் பக்கம் திருப்பி வை" என்றார்.

ஆமையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதும் கால்நடை மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ஓடும் அதோட உடம்புதாம்மா. மெழுகெல்லாம் பூசக்கூடாது. போய்க் கழுவுங்க."

வெதுவெதுப்பான தண்ணீரும் மெத்தென்ற பிரஷுமாக உட்கார்ந்தோம். மெழுகு போயிற்று. கூடவே பல வருஷமாக ஓட்டில் இறுகிக் கிடந்த அழுக்கும் போயிற்று. அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. கழுவக் கழுவ ஆமைக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. சித்தி பயந்துபோய் பிரஷைக் கீழே வைத்தாள்.

"போதும்டி. இன்னும் தேய்ச்சா முட்டையாயிடும்."

டிரைவர் ஊரிலிருந்து வந்தார். ஆமையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"இது யாரோட ஆமை?"

"உங்களோடதுதாண்ணே. குளிப்பாட்டினேன்."

"குளிச்சா இருபது வயசு குறையுமா? தொலைஞ்சு போச்சுன்னு சொல்லும்மா, தாங்கிக்கறேன். அதே சைஸ்ல வேற ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்தாத."

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. நான் நிறமி, வளர்ச்சி வளையம் என்று ஆரம்பித்தேன். என் படிப்பு தண்ணீர் பட்ட பாலிஷாக வெள்ளை பூத்துப்போயிற்று. ஆமையோ, இந்த வழக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேறு வழி தெரியாமல் சித்தி அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கூடத்தில் விட்டாள். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு தலை வந்தது, கால் வந்தது. எக்ஸ்பிரஸ் நேராக இரும்புக் கட்டிலை நோக்கி நடந்து, தாழ்வான கம்பிக்கு அடியில் நுழைந்தது. முதுகு கம்பியில் உரசிக் கர்ர்ரென்றது.

டிரைவர் அப்படியே தரையில் படுத்துவிட்டார். "இந்தச் சத்தத்துலதாம்மா நான் தினம் முழிக்கிறது."

நாங்களும் படுத்தோம். முதுகின் உச்சியில் ஒரு பட்டை மட்டும் வரியே இல்லாமல் கண்ணாடியாக இருந்தது. கம்பி உரசி உரசித் தேய்த்த இடம். மூன்று பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்து சிரித்த சிரிப்பில் எக்ஸ்பிரஸ் மறுபடி தலையை இழுத்துக்கொண்டது.

எழுந்து தூசி தட்டிய பிறகு டிரைவர் சொன்னார்: "சரி, ஆள் இதுதான். ஆனா என் கண்ணுக்குப் பழகின நிறம் எங்கம்மா? அதைத் திருப்பிக் குடு."

"குடுத்துடறேண்ணே. கொஞ்சம் டைம் குடுங்க."

அதற்குள் சித்தப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். டிரைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் சித்தி எனக்கு ஒரு நிறம் பாக்கி" என்பார். சித்தியும் போனில் முதலில் அதைத்தான் கேட்பாள்.

"பாதியாவது மங்கியிருக்குமாடி?"

நான் டிரைவர் வீட்டுக்குப் போய், ஆமையின் ஓட்டை விரலின் பின்பக்கத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

"இல்ல சித்தி. இன்னும் பளபளன்னுதான் இருக்கு."