தெருவைத் தாண்டி விழுந்த தாயம்

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்துக்குக் காலரா வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வாய்தான். பேச்சை நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று காலையிலிருந்து யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பேன். என் மனைவியோ ஓயாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்க வாயையும் இதுல போட்டு எடுக்கணும்" என்பாள்.

அப்புறம் எதிர்வீட்டில் இருந்த என் தங்கைக்கே வந்துவிட்டது. வண்டி வந்து கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட யாரும் போகக் கூடாது. சுகாதார இன்ஸ்பெக்டர் வீடெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அவள் புருஷனைச் சில நாள் வாசற்படி தாண்டாதே என்று உட்கார வைத்துவிட்டார்.

மச்சான் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருந்தார். என் மனைவி அவர் படியில் வைத்துவிட்டு வரும் ரசஞ்சோறு ஆறிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, "குளுக்கோஸ் ஏத்திக்கிட்டிருக்காங்க" என்பார். பிழைப்பாளா என்று கேட்டால் பெல்லை அடித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தப் பக்கத்திலிருந்து என் கையிருப்பு நகைச்சுவை அத்தனையையும் இறக்கினேன். மச்சான் என்னைத் தந்திக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெரும்பாலும் என் நகைச்சுவைக்குக் கிடைக்கும் மரியாதை அதுதான் என்றாலும், அன்று எனக்கே பயம் வந்துவிட்டது. தங்கை திரும்பி வருவதற்குள் இவர் சாய்ந்துவிட்டால்?

"மச்சான், தாயம் ஆடலாமா?" என்று கத்தினேன்.

அவர் படியில் ஒரு கட்டம், என் படியில் ஒரு கட்டம். அவரவர் கட்டையை அவரவர் உருட்டி, விழுந்ததைக் கத்த வேண்டும். இரண்டு கட்டத்திலும் காயை நகர்த்திக்கொள்ள வேண்டும். வேண்டாவெறுப்பாக உள்ளே போய்க் கட்டைகளை எடுத்துவந்தார்.

நான் உருட்டினேன். மூன்று. "தாயம்!" என்றேன்.

தாயம் விழுந்தால் மறுபடி உருட்டலாம். உருட்டினேன். "தாயம்!" மறுபடியும் "தாயம்!"

மச்சான் எழுந்து நின்றார். "யோவ், மூணு வாட்டி தாயம் வுழுமாய்யா? என்னைய என்னா கேணையன்னு நெனச்சியா?"

"ஒங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சி மச்சான். வயித்துல சோறு எறங்குனா தெளிஞ்சிடும்."

"சாப்புட்டே வரேன்! வந்து ஒன்ன வச்சிக்கிறேன்!"

ஆறிப்போன சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து என் மனைவி, "இன்னொரு தாயம் போடுங்க, அடுத்த வேளைக்குக் கொழம்பும் வச்சிடுறேன்" என்றாள். வாழ்க்கையில் என் பொய்க்கு அவள் கொடுத்த ஒரே ஆதரவு.

மறுநாள் மச்சானும் தேறிவிட்டார், பொய்யில். அவருக்கும் தாயமாகவே விழுந்தது. என் கட்டத்தில் அவர் காயெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அவர் கட்டத்தில் என் காய்க்குக் கருமாதியே முடிந்திருந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தெருவே இரண்டு கட்சி. செத்தவர் கணக்கை மட்டுமே பேசிக்கொண்டிருந்த வாய்கள், என்னைத் திருடன் என்று ஏசுவதில் ஒன்றுபட்டன. சுகமாக இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம், நாங்கள் குரல் கம்மும்வரை ஏசிக்கொண்டிருந்தபோது, நடுத்தெருவில் ஒரு ரிக்ஷா நின்றது. பாதியாய் இளைத்த என் தங்கை இறங்கினாள்.

"பொண்டாட்டி போய்ட்டா என்னா ஆவாரோன்னு அங்க நான் அழுதுகிட்டுக் கெடக்கேன். முக்கு திரும்பும்போதே ஒங்க கத்தல்தான் கேக்குது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் புளுகறது ஊருக்கே தெரியும். இவருக்கும் கத்துக் குடுத்துட்டியா?"

மச்சானுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கையிலிருந்த கட்டைகள் நழுவிப் படியில் உருண்டன. குனிந்து பார்த்தவர், குழந்தை மாதிரி நிமிர்ந்தார்.

"தாயம் புள்ள! சத்தியமா தாயம்! வந்து பாரு!"

அவள் போய்ப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கை தவறி விழுந்தது கணக்கில் வராது என்று கத்தினேன். தெருவில் ஒருவர்கூட என் கட்சிக்கு வரவில்லை.