வெளியே நிறுத்திய பிள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரவெட்டியில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. மூக்குக்கு மேலே கோபம். பூவரசங்கம்பு இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்ததில்லை.

'பார்ட்டிசிப்பிள்' என்றதும் பிள்ளைகள் முழித்தார்கள். எரிகிற வீடு, எரிந்த வீடு என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான் என்றேன். 'பேர்னிங்' என்றால் இன்னும் எரிகிறது, 'பேர்ண்ட்' என்றால் எரிந்து முடிந்தது. வீடு எரிவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். உடனே விளங்கிவிட்டது. வினைச்சொற்களின் மூன்று வடிவங்களைப் பாடமாக்குவதுதான் கரைச்சல். 'பிறேக், புறோக், புறோக்கின்' என்று முப்பது பேரையும் சேர்ந்து கத்த வைப்பேன். ஓலைக் கொட்டில் அதிரும். அந்தச் சத்தத்தில், குண்டு போட வரும் பொம்பரின் இரைச்சல் கேட்காது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். பாடத்தில் பிழை விடுகிற பிள்ளை வெளியே நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். பொம்பரைக் கண்டால் கத்த வேண்டும். நாங்கள் பின்னால் வெட்டி வைத்திருந்த பங்கர்க் குழிக்குள் ஓடுவோம். இப்படி ஓர் ஏற்பாடு செய்ததில் எனக்கு ஒரே புளுகம், பெருமை.

ஒரு பிள்ளை கிழமையில் நாலு நாள் வெளியேதான் நின்றாள். ஒருநாள் அவளாகவே எழும்பினாள்.

"சேர், இண்டைக்கு நான் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். உள்ளுக்கை இருக்க விடுங்கோ."

"சொல்லு பாப்பம்" என்று கம்பால் மேசையில் அடித்தேன்.

இரண்டு சொல் சரியாகச் சொன்னாள். மூன்றாவதில் நாக்குத் தடுமாறியது. உள்ளங்கையில் போட்ட போட்டில் கம்பு முறிந்தது.

"பொய் வேறை சொல்லுறியோ? போ வெளியிலை!"

கால்மணி நேரத்தில் அவள் குரல் கேட்டது. "பொம்பர்! ஓடுங்கோ!" விழுந்தடித்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தோம். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவள் கொட்டில் வாசலிலேயே நின்று கத்தினாள். குண்டு வீதியில் விழுந்தது. மண்ணும் ஓலையும் தலைமேல் கொட்டின. நாங்கள் ஏறி வந்தபோது கொட்டில் எரிந்துகொண்டிருந்தது. அவள் வயிற்றைப் பொத்தியபடி கிடந்தாள். விரல்களுக்குள்ளால் இரத்தம் பாய்ந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகமுன் என் கையிலேயே உயிர் போய்விட்டது.

செத்தவீட்டில், "உங்கடை பிள்ளையாலைதான் எங்கடை பிள்ளையள் தப்பினது" என்று தாயின் கையைப் பிடித்துப் பெண்கள் அழுதார்கள். தாய் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மாஸ்டர், வீட்டிலை எல்லாம் பிழையில்லாமல் சொல்லுவாள். தம்பிக்காரன் கொப்பியைப் பாத்து ஒவ்வொண்டாக் கேப்பான், ஒண்டும் தப்பாது. உங்களுக்கு முன்னாலை மட்டும் ஏன் அவளுக்கு வரேல்லை?"

என் கம்புக்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியும்.