கால் வரையாத மாடு

பள்ளிக்கூட நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த ஓவியப் புத்தகத்தில் ஒரு பக்கம் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் ஒருவர் கரித்துண்டால் அவசரமாகக் கிறுக்கிய உழவுமாடு. நாலைந்து கோடுதான், ஆனாலும் மூச்சுவிடுவது தெரிந்தது. நம் மாட்டையும் இப்படிப் போட்டுக் கொடு என்று இந்தியில் சொன்னார். கரும்பு வெட்டத் தீவுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வம்சம்தான் நாங்கள், ஆனாலும் வீட்டில் எங்களுக்கு இந்திதான்.

எங்கள் ஊர் தவுவாவில் கரும்புக்காட்டுக் குத்தகை முடிந்திருந்தது. தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைப் பிடுங்கிய பிறகு, நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடிகள் அதைப் புதுப்பித்துத் தருவார்கள் என்று நம்ப அப்பாவுக்குத் தெம்பில்லை. சிட்னியிலிருந்த அண்ணன் விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். தையல் மெஷின், கட்டில், கோழிகள் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. கிழட்டு மாட்டுக்குத்தான் கிடைக்கவில்லை. நமக்காக உழுத மாட்டை எங்கள் வீட்டில் வெட்டுக்குக் கொடுப்பதில்லை. செத்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காட்டோரம் புதைப்போம். அப்பா வீடு வீடாகப் போய்க் கேட்டார். போன வீட்டிலெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்து நின்றது கசாப்புக்காரரின் லாரி.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? பென்சில் முனையை உடைத்ததுதான் மிச்சம்.

வேலியோரம் உட்கார்ந்து வரைந்தேன். கொம்பு வந்தது, திமில் வந்தது, முதுகும் வந்துவிட்டது. காலுக்கு வரும்போது லாரி ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் மாடு கால் வைக்க மாட்டேன் என்றது. வாலை முறுக்கினார்கள். தடியால் அடித்தார்கள். அசையவில்லை.

அப்பா தமிழ் பேசுவது இரண்டே இடத்தில், மாரியம்மன் கோயிலிலும் மாட்டிடமும். அடி விழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தடியைப் பிடித்து நிறுத்திவிட்டு, கிட்டப் போய்க் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"ஏறுடா ராசா. மெள்ள ஏறு."

மாடு உடனே ஏறிவிட்டது. உழவுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கும்.

சிட்னிக்கு வந்த பிறகு அந்தப் படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்றான் அண்ணன். காலையும் வரைந்து முடித்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். படத்தை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"வேணாம்மா. காலு போட்டா ஏறிடும்."