சாணி மேடமும் மூடிய குழியும்

வண்டியில் ஏறியதும் மேடம் முதலில் கதவைச் சாத்துவார். பிறகு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, பிரேக் பிடிக்குதுல்ல?" என்பார். தினமும் இதே கேள்வி. பிடிக்காத பிரேக்கை வைத்துக்கொண்டு நான் ஏன் வண்டி ஓட்டப்போகிறேன்? ஆனாலும் "பிடிக்குது மேடம்" என்று சொல்லாமல் வண்டியை எடுக்க முடியாது.

இப்படி எடுத்ததற்கெல்லாம் பயப்படுகிற பெண், மாடு வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்லும் வேலைக்கு எப்படி வந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாட்டின் பின்னால் நிற்க மாட்டார். ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி துள்ளி வந்ததற்கு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வீட்டில் பல்லி விழுந்தால் அவர் கணவர் தையல் மெஷினை விட்டு எழுந்து வர வேண்டும். ஆனால் சாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளே வேறு. "குவிச்சு வெயில்ல காயவிட்டா யாருக்கு லாபம்? மூடின குழியில விடுங்க. அதுல வர்ற வாயுவுல அடுப்பு நீலமா எரியும். மிச்சம் வர்ற கரைசலைப் புல்லுக்கு விடுங்க, உரமே வாங்க வேண்டாம்." தொழுவத்துக்குத் தொழுவம் இதே பேச்சு. அதனால்தான் சாணி மேடம் என்று பெயர் வந்தது. அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாட்டுக்காரர்களையெல்லாம் சேர்த்து போனில் ஒரு குழு வைத்திருந்தார். யாருக்காவது சந்தேகம் வந்தால் அதில் பேசிப் போடுவார்கள். மேடம் உடனே பதில் சொல்ல மாட்டார். தான் முந்திக்கொண்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், மாட்டுக்காரருக்கு மாட்டுக்காரர் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் கட்சி. பகலெல்லாம் போனைப் பைக்குள் போட்டுவிடுவார். சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நல்ல பதில் சொன்னவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவார். அந்தப் பாராட்டுக்கு ஒரு மவுசு இருந்தது. அதற்காகவே ஒருவர் எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாய்க் குதிப்பார். நான் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஒரு தொழுவத்தில் வேலை முடிந்து வண்டிக்கு வந்தோம். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கணவருக்குப் பேசுவதற்காகப் போனை எடுத்தவர், குழுவில் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா ஒன்றைத் தட்டினார். ஒரு மாட்டுக்காரரின் குரல். மேடம் சொல்லி எங்கள் பகுதியில் முதன்முதலாகக் குழி கட்டியவர் அவர்.

"மேடம், குழியில சாணி கட்டியா இறுகி அடைச்சுக்கிச்சு. குச்சி விட்டுக் குத்தியும் நகரல. என்ன பண்ணலாம்?"

அடுத்தது முந்திரிக்கொட்டை. "அட, இதுக்கா யோசனை? மூடியத் திறந்து, ஏணி வச்சு இறங்கி, வாளியால அள்ளிப் போடுங்க. நானே ரெண்டு தடவை இறங்கியிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். கடைசியில், "சரிண்ணே, இப்பவே இறங்கிடுறேன்" என்று குழிக்காரர்.

மேடம் குழிக்காரரின் எண்ணுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் வேறு போனும் கிடையாது.

"அண்ணே, வண்டிய எடுங்க." அன்றைக்குப் பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

போகிற வழியில் விட்டு விட்டுச் சொன்னார். மூடிய குழிக்குள் விஷவாயு தேங்கி நிற்கும். இறுகிய சாணியைக் குத்திக் கிளறினால் குபுக்கென்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அப்புறம் அதுவும் தெரியாது, மூக்கு மரத்துவிடும். ஓரிரு மூச்சு போதும். "இறங்கினவர் விழுந்தா, தூக்கப் போறவங்களும் அதே இடத்துலதான் விழுவாங்க அண்ணே. அவர் பொண்டாட்டி சும்மா நிப்பாங்களா?"

சாலையை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டு மந்தை. நான் ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆடுகள் அசைந்து அசைந்துதான் போயின. மேடம் மறுபடி மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பயிற்சியில இதச் சொல்லலையா மேடம்?"

"சொன்னேன். கடைசியா சொன்னேன். நாற்காலிய மடக்கிட்டு இருந்தாங்க. முதல்லயே சொன்னா பயந்துடுவாங்க, யாரும் கட்ட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் காதிலும் அது விழவில்லை.

குழிக்காரர் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடந்தது. மாடுகள் கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தன. தொழுவத்துக்குப் பின்னால் ஓடினோம். குழியின் மூடி புரட்டிப் போட்டிருந்தது. ஏணியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, மடித்து வைத்த சட்டை. சட்டைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. மேடத்தின் விரல் இன்னும் தன் போனில்தான் இருந்தது.

என் கால் நகரவில்லை. பல்லிக்குப் பயப்படுகிற அந்தப் பெண் குழியை நோக்கிப் பாய்ந்தார். விளிம்பில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்கதானே சொன்னீங்க, தூக்கப் போறவங்களும் விழுவாங்கன்னு!" அவர் திமிறினார். சத்தம் போட்டுக் கூப்பிட்டார். குழிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

"இங்க இருக்கார்" என்று வைக்கோல் போருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

குழிக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் புருஷனின் தலை. கண் பாதி திறந்திருந்தது, வாயோரம் வாந்தி, ஆனால் மூச்சு இருந்தது. இறங்க வேண்டாம் என்று இவர் மேலே நின்று திட்ட, அவர் பதிலுக்குத் திட்டிக்கொண்டே இரண்டு மூன்று படி இறங்கியிருக்கிறார். திடீரென்று பதில் நின்றுவிட்டது.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் எனக்கு எதிர்ப்பேச்சு பேசாம இருந்ததே இல்ல. பேச்சு நின்னதும் பக்குனு ஆயிடுச்சு. தலைமுடி கைக்கு எட்டுச்சு. பிடிச்சு இழுத்துட்டேன்."

தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பாதி வழியில் அந்த அம்மா, கோபமே இல்லாமல் கேட்டார். "அடுப்பு நீலமா எரியும்னு நூறு தடவை சொன்னீங்க மேடம். இதையும் ஒரு தடவை சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

மேடம் வாயைத் திறந்தார். "சொன்னேன்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார்.

பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மேடத்துக்குக் குழுவின் நினைவே வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து குழுவில் பேசினார். யாரும் குழிக்குள் இறங்காதீர்கள், மூடியைத் திறந்து தலையைக்கூட நீட்டாதீர்கள் என்று நடந்ததையெல்லாம் உடைந்த குரலில் சொன்னார். போட்டு முடித்த கையோடு போன் வந்தது. முந்திரிக்கொட்டை.

"மேடம், நான் இறங்கினதே இல்ல." அவர் அழுதுகொண்டிருந்தார். "எங்க குழி இன்னும் காலியா கிடக்கு, மூடியே போடலயே, உங்களுக்கே தெரியும். சும்மா சொன்னேன். சாயங்காலம் நீங்க என் பேரைச் சொல்றப்போ வீட்ல எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாங்க மேடம்."

நானாக இருந்தால் அவர் பரம்பரையையே இழுத்திருப்பேன். மேடம் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெயர் சொல்லிப் பாராட்டும் ஏற்பாடு அவருடையதுதானே. "இதையே குழுவுல சொல்லுங்க" என்றார். "இப்பவே."

முந்திரிக்கொட்டை சொன்னார். விக்கி விக்கிச் சொன்னார். எந்தக் கட்டைவிரலும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு பதில் வந்தது. எப்போதும் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு கிழவர், குழுவில் முதன்முதலாகப் பேசினார்.

"எனக்கும் அதே அடைப்புதாம்மா. அவர் சொன்னதக் கேட்டு, எம் மகன் ஏணி வாங்கிட்டு அப்படியே தோட்டத்துக் குழிக்குப் போறேன்னு போயிருக்கான். போன எடுக்க மாட்டேங்கிறான்."

மேடம் மகனின் எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் அதற்குள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.